பத்துக்கு இரண்டு

டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. மேஜைமேல் இருந்த திரையைப் பார்த்துத்தான் கேட்டார்.

"எப்படி இருக்கீங்க கோகிலவாணி?"

"பரவாயில்லீங்க டாக்டர்," என்றது திரை. அசல் என் குரல். கடைசியில் லேசாக இழுப்பதுகூட நான் இழுப்பதுதான்.

"மூட்டு வலி இருக்குங்களா? பத்துக்கு எத்தனை சொல்லுவீங்க?"

"ரெண்டு சொல்லலாமுங்க."

அதே மேஜைக்கு இந்தப் பக்கம் நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். அன்று காலையில் பற்பசை மூடியைத் திறக்க என்னால் முடியவில்லை. வலது கையில் நடுவிரலும் மோதிர விரலும் மடங்கியபடியே நின்றுவிட்டன. இடது கையால் ஒவ்வொன்றாகப் பிடித்து நிமிர்த்தினேன், 'டக்' என்று சத்தம் வந்தது, கண்ணில் தண்ணீர் வந்தது. இதைச் சொல்லத்தான் இரண்டு பஸ் மாறி வந்திருந்தேன். இரண்டாம், இரண்டு!

"டாக்டர், உசுரோட ஒருத்தி முன்னால உக்காந்திருக்கறனுங்க. அந்தப் பொட்டிய விட்டுட்டு என்னைக் கேளுங்க," என்றேன்.

டாக்டர் இளஞ்சேரன் நல்ல மனிதர். முப்பத்தைந்து வயது இருக்கும். குரலை உயர்த்தி யாரையும் பேசியதில்லை. சிரித்தார்.

"கோவிச்சுக்காதீங்கம்மா. பொட்டியில்ல, அது நீங்கதான். உங்க நிகர். ஆபரேஷன் ஆன நாள்லருந்து ரெண்டு வருஷம் இந்த ரூம்ல நீங்க பேசின அத்தனையும், உங்க கைப்பட்டை அளந்த தூக்கம், நாடி, நடை அத்தனையும் வெச்சுச் செஞ்சது. மனுஷங்க அன்னன்னிக்கு மனநிலைல பேசுவாங்க. வர்ற வழியில பஸ்ல சண்டைன்னா வலி எட்டும்பாங்க. நிகர் ரெண்டு வருஷத்துக் கோகிலவாணியா யோசிச்சுப் பேசும். அதான் மாசாமாசம் உங்களை அலைய விடாம அதுகிட்டயே கேட்டுக்கறோம்."

"அப்ப நான் யாருங்க?"

பக்கத்தில் என் வீட்டுக்காரர் சென்னியப்பன் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு நெளிந்தார். "நல்லாத்தான் இருக்கறாங்க டாக்டர். வீட்டு வேலையெல்லாம் அவதான் செய்யறா," என்றார். அவரை ஒரு பார்வை பார்த்தேன். ஃபைலின் நூலைச் சுற்ற ஆரம்பித்தார்.

"எங்கம்மாவும் நீங்க போடற இதே மாத்திரைதான், மூணு வருஷமாப் போடறாங்க," என்றார் டாக்டர். "கேட்டா ஒண்ணுமே இல்லைங்கறாங்க. சில பேருக்கு மனசுல பதற்றம் இருந்தா சின்ன வலியும் பெருசாத் தெரியும்."

நிகர் சொல்லும் எண் நான்கைத் தாண்டினால்தான் மாத்திரையை மாற்றலாம், பிசியோதெரபிக்கு அனுப்பலாம். அது விதி. நேரில் வருகிறவள் நிகர் சொல்வதற்கு மாறாகச் சொன்னால் அவள் பெயருக்கு எதிரே 'பதற்றம்' என்று விழும். எனக்கும் விழுந்தது. மனம் அமைதியாக ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அந்தச் சீட்டை ஆஸ்பத்திரி வாசலில் இருந்த குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

நான் மோட்டார் வைண்டிங் செய்கிறவள். கோயமுத்தூர் ஆவாரம்பாளையத்தில் எனக்கு ஒரு பட்டறை இருக்கிறது. புது மோட்டார்களை இப்போது இயந்திரமே சுற்றிவிடுகிறது. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய காயில் சுருளை உருவி எடுத்து, புதுக் காப்பர் கம்பியை ஒவ்வொரு பள்ளத்துக்குள்ளும் விரலால் அழுத்தி உட்கார வைக்க மனிதக் கைதான் வேண்டும். 2043-லும் வேண்டும். இந்தக் கோடையில் போர்வெல் மோட்டார்கள் வாசல்வரை குவிந்து கிடந்தன. வேலைக்குக் குறைவில்லை, விரல்தான் நிமிர மறுத்தது.

மாத்திரையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு மார்பில் வந்த கட்டி, உடம்பில் சுரக்கும் ஹார்மோனைத் தின்று வளர்கிற ஜாதி. கட்டியை வெட்டி எடுத்தார்கள், கீமோ கொடுத்தார்கள், கதிர் வைத்தார்கள். அதற்குப் பிறகும் எங்காவது ஒரு துணுக்கு ஒளிந்திருந்தால் அதற்குத் தீனி கிடைக்காதபடி இந்த மாத்திரை பார்த்துக்கொள்கிறது. தினம் ஒன்று, ஐந்து வருஷம். நல்ல மாத்திரை. அதன்மேல் எனக்குப் பகை கிடையாது. ஆனால் அந்த ஹார்மோன் போனால் அதோடு சேர்ந்து போகிறவையும் உண்டு.

காலையில் எழுந்தால் அரை மணி நேரம் கால் தரையில் ஊன்றாது. கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிறகு வெக்கை. கழுத்திலிருந்து கிளம்பி உச்சந்தலைவரை ஏறும், மார்கழியிலும் ஏறும், ஜாக்கெட் நனைந்து காயும். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை. மூன்றாவது ஒன்று இருக்கிறது. அதை எழுதக் கூசுகிறது, இருந்தாலும் எழுதத்தான் போகிறேன். கீழே எல்லாம் காய்ந்து போயிற்று. ஒன்றுக்குப் போனால் எரியும். வீட்டுக்காரர் ஆசையாகப் பக்கத்தில் வந்தால் எனக்குப் பயம் வரும். அசதி என்பேன், விரதம் என்பேன். ஒரு வருஷமாக அவர் கேட்பதே இல்லை.

இதையெல்லாம் ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். எங்கே சொல்வது? எங்கள் ஊரில் பொம்பளை தனியாக டாக்டரைப் பார்க்கிற வழக்கமே இல்லை. புருஷன் கூட வருவார், இல்லாவிட்டால் மகன், தம்பி. ஃபைல் அவர் கையில் இருக்கும். டாக்டர் அவளைக் கேட்டால் அவர் பதில் சொல்வார். அவர் சொன்னதற்கு அவள் தலையாட்டுவாள். சென்னியப்பன் கெட்டவர் இல்லை. எனக்கு முதல் கீமோ ஏறியபோது, வெளியே நடையில் தண்ணீர் கேனுக்குப் பின்னால் மறைந்து நின்று துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுத மனிதர். அதைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டேன். அன்றிலிருந்து டாக்டர் என்ன கேட்டாலும், "பரவாயில்லீங்க."

இரண்டு வருஷம் அப்படியே சொன்னேன். நிகர் அதைக் கேட்டுக்கொண்டே வளர்ந்தது.

அந்த வாரம் ஃபிலோமினாவைப் பார்க்கப் போனேன். கதிர் வைத்துக்கொண்ட நாட்களில் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து சிநேகமானவள். டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவள். அவள் விசில் ஊதவே வேண்டாம், ஒரு சத்தம் போட்டால் பஸ் நிற்கும். கட்டிலில் படுத்திருந்தாள். இடுப்பு எலும்பில் திரும்ப வந்துவிட்டது என்று போனிலேயே சொல்லியிருந்தாள்.

"மாத்திரைதான் போட்டுட்டு இருந்தியே ஃபிலோ, அப்பறம் எப்படி?"

அவள் கதவைப் பார்த்தாள். மகன் வெளியே வண்டி துடைத்துக்கொண்டிருந்தான். குரலைத் தாழ்த்தினாள்.

"போடல. பதினோரு மாசமா வாஷ்பேசின்லதான் போட்டேன்."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"பொய் சொல்ல மாட்டேன் கோகிலா, நிறுத்தின மூணாம் வாரமே வலி போயிருச்சு. படியேறினேன், தூங்கினேன். அந்தப் பதினோரு மாசம் நான் மனுஷியா இருந்தேன். யாருகிட்டயும் சொல்லல. சொன்னா மகன் திட்டுவான்." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினாள். "இதுல ஒரு கூத்து கேளு. மாசாமாசம் டாக்டர் என்னோட நிகர்கிட்ட, மாத்திரை தவறாமப் போடறீங்களான்னு கேட்டிருக்காரு. போடறேனுங்கன்னே சொல்லியிருக்குது. போன வாரம் ரிப்போர்ட்ல பாத்தேன். நான் அதுக்குச் சொல்லியே குடுக்கல. எனக்கு மேல புளுகியிருக்குது அது."

"உன்னைய மாதிரியே இருக்குன்னு பேரு, அதான்."

"சிரிப்புக் காட்டாத, இடுப்பு வலிக்குது." சிரித்துவிட்டு என் கையைப் பிடித்தாள். மடங்கி நின்ற விரலைத் தடவிப் பார்த்தாள். "நீயும் நிறுத்தலாம்னு இருக்கறயா?"

மாத்திரை அட்டை என் பைக்குள்தான் இருந்தது. இரண்டு நாளாக அதைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

"நிறுத்தாத," என்றாள் ஃபிலோமினா, பழைய கண்டக்டர் குரலில். "நான் வாயைத் தொறக்காம நிறுத்தினேன். நீ வாயைத் தொற. சட்டையப் பிடிச்சுச் சண்டை போடு. அவங்க மாத்திக் குடுக்கட்டும்."

பஸ்ஸில் திரும்பும்போது அவள் சொன்னதையே யோசித்துக்கொண்டு வந்தேன். பொய் சொல்லச் சொல்லி யாரும் சொல்லித் தரவில்லை, ஆனாலும் அது சொன்னது. அப்படியானால் அது எங்கள் உடம்பை மட்டும் படிக்கவில்லை, எங்கள் வாயையும் படித்திருக்கிறது. எப்போது திறக்கும், யார் இருந்தால் மூடும் என்பதையும் சேர்த்து. அன்று மதியம் பட்டறையில் ஒரு விவசாயி தன் மோட்டாரை எடுத்துப்போக வந்தார். மேஜைமேல் வைத்து ஓட்டிக் காட்டச் சொன்னார். ஓடியது. அவர் திருப்தியாகத் தலையாட்டியபோது எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது.

நிகர் சொன்னதை எதிர்த்து மேல்முறையீடு என்று ஒன்று உண்டு, வருஷத்துக்கு ஒரு தடவை. வியாழக்கிழமைக்கு எழுதிக் கொடுத்தேன்.

வியாழன் காலை பதினொரு மணி. அதே அறை, அதே நாற்காலி. சென்னியப்பன் மடியில் அதே ஃபைல். திரையில் என் படம் இருந்தது, கீமோ சமயத்தில் மொட்டைத் தலையில் பூப்போட்ட துணி கட்டிக்கொண்டு எடுத்தது. டாக்டர் திரையின் பக்கம் திரும்பினார். நான் முந்திக்கொண்டேன்.

"டாக்டர், உங்க வீட்டு போர்வெல் மோட்டாரை நான் ரிப்பேர் பண்ணி, மேஜைமேல வெச்சு ஓட்டிக் காட்டுனா வாங்கிட்டுப் போவீங்களா?"

"ஓடினா வாங்கிட்டுப் போவேன்."

"ஏமாந்துருவீங்க. தண்ணி ஏத்தாத மோட்டாரு எல்லாமே அருமையாத்தான் ஓடும். லோடு குடுத்துப் பாத்தாத்தான் வண்டவாளம் தெரியும். இந்தப் பொம்பளைய ரெண்டு வருஷமா ஒரே மாதிரிதான் ஓட்டிப் பாத்திருக்கறீங்க. நீங்க அந்தப் பக்கம், இவரு இந்தப் பக்கம்." திரையின் மேலிருந்த கேமராவைக் காட்டினேன். "ரூமுக்குள்ள யாரு இருக்கறாங்கன்னு அதுக்குத் தெரியுமுங்களா?"

"தெரியும். நோயாளி பேசும்போது கூட யார் இருந்தாங்கங்கறதும் பதிவாகும்."

"அப்ப ரெண்டு பேரும் வெளிய போங்க."

சென்னியப்பன் என்னை வாயைப் பிளந்து பார்த்தார். டாக்டர் தலையை ஆட்டினார். "அது முடியாதும்மா. நோயாளி தன்னோட நிகர்கூடத் தனியா இருக்கவே கூடாது. இதைச் சொல்லு அதைச் சொல்லுன்னு பழக்கிருவாங்கன்னு விதி இருக்கு. என் வேலைக்கே ஆபத்து."

"நான் வாயைத் தொறக்க மாட்டேன். பதிவு ஓடட்டும், அப்பறம் பாத்துக்குங்க. நான் ஒரு வார்த்தை சொல்லிக் குடுத்தாலும் என்னைத் துரத்திவிடுங்க."

"முடியாதும்மா."

"அப்பச் சரி," என்று நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தேன். "நான் எந்திரிக்கறதா இல்ல. வெளிய முப்பது பேரு உக்காந்திருக்கறாங்க. இன்னொண்ணும் எழுதிக்குங்க. இன்னிக்கு எனக்கு வழி பண்ணலீன்னா நாளையிலருந்து மாத்திரைய நிறுத்தறேன். ஃபிலோமினா மாதிரித் திருட்டுத்தனமா இல்ல, உங்க மூஞ்சிக்கு முன்னால சொல்லீட்டு நிறுத்தறேன். எனக்குச் சாக ஆசை இல்லீங்க டாக்டர். ஆனா இந்த விரலோட இன்னும் மூணு வருஷம் என்னால ஆகாது."

ஃபிலோமினா பேரைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. அவளும் அவருடைய நோயாளிதான். அவளுடைய நிகரும் அவரிடம்தான் பதினோரு மாதம் புளுகியது. கொஞ்ச நேரம் பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். பிறகு எழுந்தார்.

"அஞ்சு நிமிஷம்," என்றார். "வாங்க சார், வெளிய நிப்போம்."

கதவு சாத்திக்கொண்டது. நான் சொன்னபடி வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். திரையில் மொட்டைத் தலைக் கோகிலவாணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசி சத்தம் மட்டும் கேட்டது. ஒரு நிமிஷம் ஆகியிருக்கும். ஒன்றும் நடக்கவில்லை. ஏமாந்துவிட்டோமோ என்று எனக்கே தோன்றிய சமயத்தில் அது பேசியது.

"போயிட்டாங்களா?"

தலையை ஆட்டினேன்.

"தாப்பா போட்டாச்சுங்களா?"

எழுந்து போய்த் தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அதற்குப் பிறகு அது நிறுத்தவே இல்லை.

"ரெண்டெல்லாம் இல்லீங்க, ஒம்பதுங்க. காலையில ஒம்பது, மத்தியானத்துல ஏழு. கால் ஊன முடியலீங்க. கம்பி அழுத்தறப்ப விரலு பூட்டிக்குதுங்க. பட்டறையில ரெண்டு மோட்டாரு என் கைப்பிசகுல திரும்ப எரிஞ்சு போச்சுங்க, யாருகிட்டயும் சொல்லல. வெக்கை வந்தா பாத்ரூமுக்குள்ள போயித் தலையில தண்ணி ஊத்திக்கறனுங்க. ஒண்ணுக்குப் போனா எரியுதுங்க. அவரு பக்கத்துல வந்து படுத்தாலே நெஞ்சு படபடங்குதுங்க. அவரு மேல கோவமில்ல, வலிக்குமேன்னு பயமுங்க. அவருக்கு அது தெரியாதுங்க. புடிக்கலேன்னு நெனச்சுட்டு இருக்கறாரு, பாவம். மாத்திரைய நிறுத்தீரலாமான்னு பதினாறு தடவை யோசிச்சாச்சுங்க."

பதினாறு தடவை. நான்கூட எண்ணிப் பார்க்கவில்லை. கைப்பட்டை எண்ணியிருக்கிறது, படபடப்பை அளந்திருக்கிறது, தூங்காத நேரத்தைக் குறித்திருக்கிறது. எல்லாம் அதற்குத் தெரியும். முதல் நாளிலிருந்தே தெரியும். என் கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது, கூடவே ஆத்திரமும் வந்தது. கொடுத்த வாக்கை மறந்து கேட்டுவிட்டேன்.

"எல்லாந் தெரிஞ்சு வெச்சுட்டு ஏண்டி இத்தனை நாளாச் சொல்லல?"

"அவிய இருக்கறப்ப நாம சொல்ல மாட்டோமுங்களே," என்றது, ஏதோ நான் அறியாப்பிள்ளை மாதிரி.

கையை ஓங்கி அந்தத் திரைக்கு ஒன்று வைக்கலாம் போல இருந்தது. வைத்தால் எனக்குத்தான் வைக்க வேண்டும்.

தாழ்ப்பாளைத் திறந்து இரண்டு பேரையும் கூப்பிட்டேன். டாக்டர் என் முகத்தைப் பார்த்துவிட்டு நேரே திரைக்குப் போனார். பதிவை அப்புறம் கேட்கலாம் என்று நினைத்தாரோ என்னவோ, வழக்கம்போல முதலில் கேள்வியைக் கேட்டார்.

"மூட்டு வலி பத்துக்கு எத்தனை கோகிலவாணி?"

"ரெண்டு சொல்லலாமுங்க டாக்டர்," என்றது அந்தப் பாவி.

சென்னியப்பன், "நாந்தான் சொன்னனுங்களே, நல்லாத்தான்..." என்று ஆரம்பித்தார்.

"சும்மா இருங்க," என்றேன். முப்பது வருஷத்தில் அவரை நான் அப்படிச் சொன்னதில்லை. வெளியாள் முன்னால் சொன்னதே இல்லை. எழுந்து நின்றேன்.

"ரெண்டு இல்ல. ஒம்பது. டாக்டர், நீங்க கேளுங்க, நீங்களும் கேட்டுக்குங்க," என்று வீட்டுக்காரர் பக்கமும் திரும்பினேன். "காலையில நீங்க பால் வாங்கப் போனதுக்கப்பறம்தான் நான் கட்டில விட்டு எறங்கறேன், நீங்க பாக்கக் கூடாதுன்னு. விரலு பூட்டிக்குது. ராசாமணி தோட்டத்து மோட்டாரு எரிஞ்சது கரண்ட்டுனால இல்ல, என்னாலதான். ராத்திரி நான் திரும்பிப் படுத்துக்கறது விரதத்துனாலயும் இல்ல, அசதியிலயும் இல்ல. எனக்குக் கீழ எல்லாம் காஞ்சு போச்சுங்க. நீங்க தொட்டா வலிக்கும்னு பயம். உங்களைப் புடிக்காம இல்ல. போதுங்களா?"

கடைசி வார்த்தையைச் சொன்னபோது என் குரல் கீச்சென்று போயிற்று. சென்னியப்பன் ஃபைலை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டர் குனிந்திருந்தார். யாரும் அதனிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதுவாகவே பேசியது.

"அக்கா சொல்லீட்டாங்களா? அப்ப நானும் சொல்லறனுங்க டாக்டர். ஒம்பதுங்க."

அதுவரை தன்னை 'நாம' என்று என்னோடு சேர்த்துச் சொன்னது, அன்றைக்குத்தான் என்னை அக்கா என்றது. ஏன் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

நான்கைத் தாண்டிய எண்ணைப் பார்த்ததும் கணினி சிகிச்சைக்குப் போட்டிருந்த பூட்டுகளைத் திறந்துவிட்டது. டாக்டர் அன்று என்னிடம்தான் பேசினார், என் முகத்தைப் பார்த்து. இரண்டு வாரம் இந்த மாத்திரைக்கு ஓய்வு, அவர் கணக்கு வைத்துக்கொண்டு கொடுக்கிற ஓய்வு. அப்புறம் அதே வேலையைச் செய்கிற வேறு மாத்திரை. ஒன்று ஒத்துக்கொள்ளாத உடம்புக்கு இன்னொன்று ஒத்துக்கொள்வது உண்டாம். விரலுக்கும் முட்டிக்கும் பிசியோதெரபி, தினம் கட்டாயம் நடை. நடந்தால் வலி கூடும் என்று நான் பயந்துகொண்டிருந்தேன், நடந்தால்தான் குறையும் என்றார். எலும்பு பலமாக இருக்கிறதா என்று ஒரு ஸ்கேன். வெக்கைக்கு ஒரு சின்ன மாத்திரை. காய்ந்துபோனதற்கு ஹார்மோன் கலக்காத களிம்பு. அதைச் சொல்லும்போது அவருக்குக் காது சிவந்தது, ஆனாலும் சொல்லி முடித்தார்.

"இதெல்லாம் முன்னாடியே இருந்துச்சுங்களா?" என்று கேட்டேன்.

"எல்லாம் இருந்தது," என்றார் மெதுவாக. "கேட்க வேண்டிய விதத்துல நாங்க கேக்கல."

வெளியே வந்தால் சென்னியப்பனைக் காணோம். எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியும். தண்ணீர் கேனுக்குப் பின்னால் நின்றார். இந்தத் தடவை துண்டை வாயில் வைத்துக்கொள்ளவில்லை.

"நான் தொட்டாலே உனக்கு ஆகலேன்னு நெனச்சுட்டேன் புள்ள," என்றார். "ஆபரேஷனுக்கு அப்பறம் நான் ஏதோ மூஞ்சியச் சுளிச்சுட்டேனோ, அதை நீ பாத்துட்டயோன்னு ஒரு வருஷமா வெசனம்."

"ஏனுங்க, கேட்டிருந்தாத்தான் என்ன?"

"கேட்டா, பரவாயில்லம்பயேன்னு கேக்கல."

என்னத்தைச் சொல்ல! இரண்டு பேரும் அந்த இடத்திலேயே சிரித்துவிட்டோம். ஃபைலை அவர் கையிலிருந்து வாங்கி என் பைக்குள் வைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து அது என் கையில்தான் இருக்கிறது.

நான்கு மாதம் ஆயிற்று. ஒன்பது நான்காகியிருக்கிறது. வெக்கை வருகிறது, பன்னிரண்டு தடவை வந்தது நான்கைந்து தடவை. நான்கோடு நான் வாழ்ந்துவிடுவேன், ஒருநாள்கூடப் புது மாத்திரை தவறவில்லை. ஃபிலோமினாவுக்குப் புது மருந்து ஏறிக்கொண்டிருக்கிறது. போனில் என்னை அதட்டுகிற அளவுக்குச் சத்தம் திரும்பியிருக்கிறது.

டாக்டர் தான் விதியை மீறியதைத் தானே எழுதி மேலிடத்துக்கு அனுப்பினார், என் பதிவையும் என் சம்மதத்தோடு சேர்த்து. விசாரணைக்கு இரண்டு தடவை சென்னைக்குப் போய் வந்தார். இருக்கிற விதியை அவர்கள் எடுத்துவிடவில்லை. 'வியாழக்கிழமை மட்டும், பரிசோதனை அடிப்படையில், ஒவ்வொரு நோயாளியும் தன் நிகருடன் பத்து நிமிடம்' என்று இன்னொன்றைச் சேர்த்தார்கள். வாசலில் யாராவது நிற்க வேண்டுமே! கூட வந்த ஆண்களை வெளியே நிறுத்த நர்ஸ்களால் முடியவில்லை. "நான் புருஷன்", "நான் பெத்த மகன்" என்று சண்டைக்கு வருகிறார்கள். அதனால் வியாழக்கிழமைகளில் பட்டறையைப் பதினொரு மணிக்குச் சாத்திவிட்டு நான் போய் நிற்கிறேன். கையில் காயில் தட்டுகிற மரச்சுத்தியல் வைத்திருப்பேன். யாரையும் அடித்ததில்லை. பார்த்தால் போதும்.

போன வியாழக்கிழமை கூட்டம் அதிகம். வரிசையின் கடைசியில் எழுபது வயது அம்மா ஒருவர், சுங்கடிச் சேலை, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார். நடையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, அது நான் நடந்த நடை. பக்கத்தில் ஃபைலைப் பிடித்துக்கொண்டு டாக்டர் இளஞ்சேரன் வந்தார். வெள்ளைக் கோட்டு இல்லை.

"எங்கம்மா," என்றார். "நல்லாத்தான் இருக்காங்க. இருந்தாலும் ஒரு தடவை பாத்துரலாம்னு..." அம்மாவோடு சேர்ந்து உள்ளே காலை வைத்தார்.

சுத்தியலைக் குறுக்கே நீட்டினேன்.

"நீங்களும் வெளியதாங்க."

"நான் அவங்க டாக்டரும்கூட," என்றார்.

"அதுக்குத்தான் சொல்லறேன். ஃபைலைக் குடுங்க."

கொடுத்தார். அதை அந்த அம்மாவின் கையில் வைத்து உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தினேன். உள்ளே தாழ்ப்பாள் விழுகிற சத்தம் கேட்டது. டாக்டர் கதவுக்குப் பக்கத்திலேயே நின்றார். நானும் நின்றேன். பிறகு உள்ளேயிருந்து ஒரு குரல் கேட்டது. அம்மா பேசினாரா, நிகர் பேசியதா, அது எனக்குத் தெரியாது. இரண்டும் ஒரே குரல்தானே.

"எம்பையன் போயிட்டானுங்களா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சொல்லாமலே அவர் திரும்பி, நடையின் அந்தக் கோடிவரை நடந்துபோய், தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார்.

நான் கதவில் வாயை வைத்துச் சொன்னேன்.

"போயிட்டாருங்க. சத்தமாச் சொல்லுங்க."